கக்கி, நெளிந்து, அழும் கைக்குழந்தை: எதுக்களிப்பைக் கையாளும் வரிசை

பிறந்தது முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது இது. பால் குடித்ததும் கக்குகிறது, முதுகை வில்லாக வளைக்கிறது, மணிக்கணக்கில் அழுகிறது. "ஆசிட் ரிஃப்ளக்ஸாக (அமில எதுக்களிப்பு) இருக்கும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் நிற்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. என் பிள்ளைகள் இரண்டு பேருமே கக்கிக்கொண்டே வளர்ந்தவர்கள். மூத்தவனுக்கு மருந்தில் தொடங்கி, கடைசியில் பால் கொடுக்கும் முறைக்கு வந்து சேர்ந்தேன். அதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. இளையவளுக்கு வரிசையைத் திருப்பிப் போட்டேன். அதற்குப் பிறகு புதிதாகப் பெற்றவர்கள் சிலரோடு உட்கார்ந்து பார்த்ததில், எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். செய்கிற காரியங்கள் பெரும்பாலும் சரியானவைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துவிடுவதால், எது பலித்தது என்று யாருக்கும் தெரியாமல் போகிறது.

ஆகவே கீழே உள்ள எண் வரிசை முக்கியம். ஒரு படியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

1. முதலில் ஆபத்து அறிகுறிகளைப் பாருங்கள்

இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வாந்தி பச்சை நிறத்தில் வந்தால் காத்திருக்கவே கூடாது. பித்தம் கலந்த வாந்தி, குடல் முறுக்கிக்கொண்டதன் அடையாளமாக இருக்கலாம். அது மணிக்கணக்கில் முடிவாகிற விஷயம், விடியட்டும் என்று பார்க்க முடியாது. நேராக அவசரப் பிரிவு.

வாந்தி பீறிட்டுத் தூரத்தில் போய் விழுகிறதா? அதுவும் ஒவ்வொரு முறை குடித்தபிறகும்? பிறந்து இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் இப்படி ஆனால், இரைப்பையின் கீழ்வாயில் தசை தடித்து அடைத்திருக்கலாம். வாந்தி எடுத்த கையோடு குழந்தை மறுபடி பசியோடு பாலுக்கு அலைவது இதன் தனி அடையாளம். அல்ட்ராசவுண்டில் தெரிந்துவிடும், சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். தாமதித்தால் குழந்தை வற்றிப்போகும்.

வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், வயிறு உப்பி இறுகியிருப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, வலிப்பு, மூச்சு நின்று நின்று வருவது, உடல் நீலம் பாரிப்பது ஆகியவையும் அவசரம்தான். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் அன்றே காட்ட வேண்டும். 24 மணி நேரத்தில் நனைந்த டயப்பர் நான்குக்கும் குறைவாக இருந்தாலும் அப்படியே.

இன்னும் இரண்டு, அவசரம் இல்லாவிட்டாலும் காட்ட வேண்டியவை: எடை ஏறாமல் நிற்பது, ஆறு மாதம் வரை கக்காத குழந்தை அதற்குப் பிறகு புதிதாகக் கக்கத் தொடங்குவது. சாதாரண எதுக்களிப்பு பெரும்பாலும் எட்டு வாரத்துக்குள் தொடங்கிவிடும். தாமதமாக வந்தால் காரணம் வேறாக இருக்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம். கடைசியாக எடுத்த எடை, அதற்கு முந்தைய எடை, இரண்டின் தேதிகள். புட்டிப்பால் என்றால் பவுடரோடு வந்த அதே கரண்டி. தோளில் போட்டுக்கொள்ள நிறையத் துணி. நான்கு போதும் என்று நினைத்தால் எட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எடை பார்ப்பதற்கு எப்போதும் ஒரே தராசு, உடையில்லாமல். வேறுவேறு தராசில் பார்த்துவிட்டு "நூறு கிராம் இறங்கிவிட்டது" என்று இரவெல்லாம் தூங்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் மூன்று மாதங்களில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்ல போக்கு. தினமும் நிறுக்க வேண்டாம், வாரம் ஒருமுறை போதும்.

அப்புறம், கூட ஒரு பெரியவர். இது கருவி இல்லைதான், ஆனால் நான்காவது படியில் இவர் இல்லாமல் முடியாது.

3. கக்குவதையும் நோயையும் பிரியுங்கள்

இரைப்பையின் மேல்வாயில் ஒரு தசை வளையம் இருக்கிறது. குடித்தது மேலே வராமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. கைக்குழந்தைக்கு அது அடிக்கடி தானாகத் தளர்ந்து திறந்துகொள்ளும். உணவுக்குழாயும் குட்டை. உணவு முழுக்கத் திரவம். நாளின் பெரும்பகுதி படுத்த நிலை. இதற்கு மேல் அளவு வேறு: ஒரு கிலோ எடைக்கு நாளுக்குச் சுமார் 150 மி.லி. பால் குடிக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் அதே விகிதத்தில் குடித்தால் நாளுக்கு ஒன்பது லிட்டர். நமக்கும் மேலே வரத்தான் செய்யும்.

அதனால் கக்குவது மட்டும் நோய் ஆகாது. நான்கு மாதம் வாக்கில் உச்சத்துக்குப் போகும், ஒரு வயதுக்குள் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு நின்றுவிடும். எடை ஏறுகிறது, கக்கிவிட்டுச் சிரிக்கிறது என்றால் செய்ய வேண்டியது துணி துவைப்பதுதான்.

எதுக்களிப்பு நோய் என்று சொல்ல வேண்டுமானால் கூடவே வேறு ஏதாவது வேண்டும்: பாலைக் கண்டாலே மறுப்பது, குடிக்கும்போதே வீரிட்டு விலகுவது, எடை நின்றுபோவது, ரத்தம், திரும்பத் திரும்ப நுரையீரல் தொற்று.

அளவில் எல்லோரும் ஏமாறுவார்கள். "குடித்தது முழுக்க வெளியே வந்துவிட்டது" என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள், எனக்குத் தெரியும். 15 மி.லி. தண்ணீரை அளந்து ஒரு உலர்ந்த துணியில் கொட்டிப் பாருங்கள். அந்தக் கறை எவ்வளவு பெரிதாகப் பரவுகிறது என்று பார்த்தபின் குழந்தையின் துணியைப் பாருங்கள். பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிடும்.

கக்கிய பால் தயிர் போலத் திரிந்திருப்பதையும் கெட்ட அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். பால் வயிற்றில் கொஞ்ச நேரம் இருந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

4. அழுகையைத் தனியாகப் பாருங்கள்

வழிகாட்டியிலேயே அதிகம் பேர் தாண்டிக் குதிக்கும் படி இது. கக்கலும் அழுகையும் ஒரே குழந்தையிடம் இருப்பதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் நல்ல ஆரோக்கியமான குழந்தையும் பிறந்து ஆறு வாரம் வாக்கில் மிக அதிகமாக அழும். நாளுக்கு இரண்டு மணி நேரத்தை ஒட்டி அழுவது சாதாரணம். மூன்று, நான்கு மாதத்தில் தானே குறையும். கக்கல் உச்சத்துக்கு ஏறும் காலத்தில்தான் அழுகை இறங்குகிறது என்பதைக் கவனித்தால், இரண்டும் கைகோத்து நடக்கவில்லை என்று புரியும்.

இன்னொன்று. குடித்து ஒன்றிரண்டு மணி நேரம் வரை வயிற்றில் இருக்கும் பாலே அமிலத்தை மட்டுப்படுத்தி வைத்திருக்கும். அந்த நேரத்தில் மேலே வருவதில் எரிச்சல் உண்டாக்கும் அளவுக்கு அமிலம் இருப்பதில்லை. ஆகவே "குடித்த ஐந்து நிமிடத்தில் அழுகிறது, எரிகிறது போல" என்ற ஊகம் பெரும்பாலும் பொருந்தாது. அந்த அழுகைக்குக் காற்று, அவசர ஓட்டம், அளவு மீறிய வயிறு ஆகியவைதான் அதிகம் காரணம்.

கக்கவே கக்காத குழந்தைக்கு "சத்தமில்லாத ரிஃப்ளக்ஸ்" என்று பெயர் வைப்பதும் இப்போது அதிகமாகிவிட்டது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. அழுகையைத் தவிர வேறு எந்த அடையாளமும் இல்லாதபோது அந்தப் பெயரை ஒட்டுவது, தேடுவதை நிறுத்திவிடுவதற்குச் சமம்.

எனவே தேடுங்கள். உடையை முழுக்கக் கழற்றிவிட்டுத் தலை முதல் கால் வரை பாருங்கள். கை விரலிலோ கால் விரலிலோ ஆண்குறியிலோ ஒரு தலைமுடி சுற்றி இறுகியிருக்கலாம். வீங்கிச் சிவந்திருக்கும், உடனே எடுக்க வேண்டும். தொடை இடுக்கில் புடைப்பு இருந்தால் குடலிறக்கமாக இருக்கலாம். திடீரென்று தொடங்கிய, எதற்கும் அடங்காத அழுகை என்றால் காது, கண், சிறுநீர்த் தொற்று எல்லாவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டும். வெறும் தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம். இரண்டு மாதக் குழந்தையால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்க முடியாது. நாம் விளையாட்டுக் காட்டிக்கொண்டே இருக்கிறோம், அது அழுதுகொண்டே இருக்கிறது.

இப்போது அந்தக் கூட இருக்கும் பெரியவர். அழுகை தாங்க முடியாமல் கை நடுங்குகிற நேரம் வரும், வராதவர்கள் சொல்லுங்கள் பார்ப்போம். அந்த நேரத்தில் குழந்தையைச் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள், அல்லது அவரிடம் கொடுங்கள். அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. குலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவு வரும், உயிரே போகும்.

5. மூன்று நாள் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

எப்போது குடித்தது, எவ்வளவு அல்லது எத்தனை நிமிடம், எப்போது கக்கியது, எப்போது அழுதது, எப்போது தூங்கியது, எத்தனை டயப்பர். அவ்வளவுதான். "நிறைய", "கொஞ்சம்" என்று எழுதாமல் நேரத்தை எழுதுங்கள்.

மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது கஷ்டம். ஆனால் இது இல்லாமல் அடுத்த படிகளில் எது உதவியது என்று ஒப்பிட ஆதாரமே இருக்காது. என் நோட்டில் மூன்றாம் நாள் ஒரு விஷயம் கண்ணில் பட்டது: பெரிய அழுகை எல்லாம் மாலை ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையில். கக்கியதோ நாள் முழுக்கச் சமமாக. அமிலத்துக்கு மணி பார்க்கத் தெரியாதே!

6. பால் கொடுக்கும் முறையைச் சரிசெய்யுங்கள்

இங்கேதான் அதிக பலன். இரண்டு வாரமாவது இந்தப் படியில் நில்லுங்கள்.

*அளவு.* புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு நோட்டைப் பார்த்து ஒரு நாள் மொத்தத்தைக் கூட்டுங்கள். நான்கு கிலோ குழந்தை என்றால் 4 × 150 = 600 மி.லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 75 மி.லி. ஆனால் நோட்டில் 120 மி.லி. வீதம் ஏழு வேளை, அதாவது 840 மி.லி. என்று இருக்கும். கக்குகிறது, "ஐயோ வெளியே போய்விட்டதே" என்று மறுபடி கொடுப்பார்கள். அது மறுபடி கக்கும். இந்தச் சக்கரத்தை உடைத்தாலே பல வீடுகளில் பிரச்சினை முடிந்துவிடுகிறது. நாள் மொத்தத்தை ஒரு கிலோ எடைக்கு 150 மி.லி.-க்கும் 180 மி.லி.-க்கும் இடையில் கொண்டுவாருங்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு இந்தக் கணக்கை நீங்களாகப் போடாதீர்கள். அங்கே குறைப்பது ஆபத்து, மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அளவைக் குறைக்கும்போது வேளையைக் கூட்டுங்கள். சின்ன வயிறு ஓரளவு நிரம்பினால் அந்தத் தசை வளையத்தின் மேல் அழுத்தம் குறையும். அதற்காக அரை மணிக்கு ஒருமுறை கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளி போதும்.

*வேகம்.* புட்டியைக் கவிழ்த்தால் நிப்பிளிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக வர வேண்டும், ஒழுகக் கூடாது. ஒழுகினால் குழந்தை மூச்சு வாங்க நேரமில்லாமல் மடக் மடக்கென்று காற்றோடு விழுங்கும். குழந்தையை ஓரளவு நிமிர்த்தி உட்காரவைத்து, புட்டியைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். நான்கைந்து மிடறுக்கு ஒருமுறை புட்டியைத் தாழ்த்தி ஓய்வு கொடுங்கள். ஒரு வேளை முடிய 15, 20 நிமிடம் ஆகலாம். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டது என்று பெருமைப்பட ஒன்றுமில்லை.

*கலவை.* கரண்டியைத் தட்டையாக வழித்து, டப்பாவில் சொன்ன தண்ணீர் அளவில் கலக்க வேண்டும், தண்ணீர் முதலில், பவுடர் பிறகு. "சத்தாக இருக்கட்டும்" என்று ஒரு கரண்டி கூடப் போடுவது வயிற்றில் தங்கும் நேரத்தைக் கூட்டும், மலச்சிக்கலைக் கொண்டுவரும், உடலில் உப்பை ஏற்றும். நீர்க்கக் கலப்பதும் அதே அளவு ஆபத்து. வீட்டில் மூன்று பேர் கலந்தால் மூன்று விதமாகக் கலப்பார்கள். ஒருமுறை மூவரும் சேர்ந்து நின்று கலந்து பாருங்கள்.

*தாய்ப்பால்.* தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கக்கல் நிற்காது, தாய்ப்பால்தான் போகும். முதலில் குழந்தை மார்பைக் கவ்வும் விதத்தைப் பாருங்கள். காம்பை மட்டும் பிடித்தால் காற்று போகும். வாயை அகலத் திறந்து கருவட்டத்தின் பெரும்பகுதியைக் கவ்வ வேண்டும், கன்னம் குழியக் கூடாது, 'டக் டக்' என்று நாக்குச் சத்தம் கேட்கக் கூடாது. குடிக்கத் தொடங்கியதும் புரைக்கேறி விலகுகிறதா? பால் சுரப்பு வேகமாக இருக்கிறது. தாய் நன்றாகச் சாய்ந்து அமர்ந்து குழந்தையை மேலே போட்டுக் கொடுத்தால் ஓட்டம் தணியும். முடிந்தால் தாய்ப்பால் ஆலோசகர் ஒருவர் நேரில் உட்கார்ந்து ஒரு முழு வேளையைப் பார்க்கட்டும். ஃபோனில் சொல்லிப் புரிவதில்லை இது.

*ஏப்பம்.* நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. தோளில் சாய்த்து மெதுவாகத் தட்டினால் போதும். ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அரை மணி நேரம் தட்டிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. தூங்கிவிட்ட குழந்தையை ஏப்பத்துக்காக எழுப்பவும் வேண்டாம்.

வீட்டில் யாராவது புகைபிடித்தால் அது இந்தப் படியிலேயே நிற்க வேண்டும். நிக்கோட்டின் அந்தத் தசை வளையத்தைத் தளர்த்தும். வெளியே போய் பிடித்துவிட்டு வந்தாலும் சட்டையில் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது.

7. குடித்தபின் நிமிர்த்துங்கள், தூங்கும்போது மல்லாக்க

குடித்து முடித்ததும் 20, 30 நிமிடம் நெஞ்சோடு சேர்த்து நிமிர்த்தி வைத்திருங்கள். காற்று மேலே ஏறி வெளியேற வழி கிடைக்கும். கார் இருக்கையிலோ சாய்வு இருக்கையிலோ வைப்பதை நிமிர்த்துவது என்று நினைக்காதீர்கள். அங்கே குழந்தை மடங்கிச் சரிந்து உட்காரும், வயிறு அமுங்கும், கக்கல் கூடும். டயப்பரை இறுக்கிக் கட்டுவதும் அதே காரணத்தால் தப்பு. குடித்த உடனே டயப்பர் மாற்றக் காலைத் தூக்குவதைவிட, குடிப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

தூக்கத்துக்கு வந்தால் விதி ஒன்றே ஒன்று: மல்லாக்க, சமமான, இறுக்கமான படுக்கையில், தலையணை எதுவும் இல்லாமல். எதுக்களிப்பு இருந்தாலும் இதே விதிதான்.

"மல்லாக்கப் போட்டால் புரைக்கேறிவிடாதா?" என்று கேட்காதவர் இல்லை. மல்லாக்கக் கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கியது மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால் இது தலைகீழாகிறது. குப்புறவோ ஒருக்களித்தோ படுத்தால் கக்கல் குறையும் என்பது உண்மைதான், ஆனால் தூக்கத்திலேயே திடீர் மரணம் நேரும் ஆபத்து கூடிவிடும். அந்தப் பேரம் நமக்கு வேண்டாம். விழித்திருக்கும்போது, கண் முன்னால், குப்புறப் போட்டு விளையாட விடலாம்.

படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துவதால் கைக்குழந்தைக்குப் பலன் கிடைப்பதில்லை. சறுக்கிக் கீழே போய் கழுத்து மடங்கும். சாய்வான தூங்கு படுக்கைகளில் குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, பத்து டிகிரிக்கு மேல் சாய்வுள்ளவற்றை விற்கக் கூடாது என்று 2022-இல் அமெரிக்காவில் சட்டமே வந்தது. "ரிஃப்ளக்ஸ் தலையணை" என்று விற்பதை வாங்காதீர்கள்.

8. பாலைக் கெட்டியாக்குவது

ஆறாவது படியில் இரண்டு வாரம் நின்றும் கக்கல் குறையவில்லை என்றால் இது. புட்டிப்பால் குழந்தைகளுக்கு மட்டும். கடையிலேயே கெட்டியாகக் கிடைக்கும் எதுக்களிப்பு ஃபார்முலாவை (புட்டிப்பால் பவுடரை) மருத்துவரிடம் கேட்டு ஒன்றிரண்டு வாரம் கொடுத்துப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியும் கக்கல் குறையும். அழுகையும் குறையும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

தாய்ப்பாலைப் பிழிந்து அதில் தானிய மாவு கலந்தால் கெட்டியாகாது. தாய்ப்பாலில் உள்ள நொதி மாவுச்சத்தைக் கரைத்துவிடும். மாவைக் கூட்டிக்கொண்டே போவார்கள், அது நீர்த்துக்கொண்டே போகும், கடைசியில் குழந்தைக்கு மலச்சிக்கல்தான் மிச்சம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு எந்தக் கெட்டியாக்கியையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். சாந்தன் கம் கலந்த ஒரு கெட்டியாக்கி குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகல் நோயோடு தொடர்புபடுத்தப்பட்டு, 2011-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. ஒரு வயதுக்குள் தேன் எந்த வடிவிலும் கூடாது.

ஆல்ஜினேட் என்னும் தூள் வயிற்றில் பாலைக் கூழ் போலக் கெட்டியாக்கும். தாய்ப்பால் குழந்தைக்கும் சின்னக் கரண்டியால் கொடுக்கலாம். இதுவும் மருத்துவர் சொல்லித்தான், ஒன்றிரண்டு வாரச் சோதனையாகத்தான். கெட்டி ஃபார்முலாவோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து வயிற்றில் கட்டியாகிவிடும்.

9. பசும்பால் புரதத்தை விலக்கிப் பார்ப்பது

மருந்துக்கு முன்னால் இது வருவதற்குக் காரணம் உண்டு. பசும்பால் புரத ஒவ்வாமை, எதுக்களிப்பு மாதிரியே வேஷம் போடும்: கக்கல், நெளிவு, அழுகை, பால் மறுப்பு. கூடவே தோலில் கரப்பான், மலத்தில் சளி அல்லது ரத்தக் கீற்று, வயிற்றுப்போக்கு இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடலியல் சங்கங்கள் 2018-இல் வெளியிட்ட பரிந்துரையிலும் அமிலக் குறைப்பு மருந்துக்கு முந்தைய படியாக இந்தச் சோதனைதான் இருக்கிறது.

தாய்ப்பால் குழந்தை என்றால் தாய் பசும்பாலையும் அதிலிருந்து வரும் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். தயிர், வெண்ணெய், பாலாடைக்கட்டி, பால் பவுடர் சேர்ந்த பிஸ்கட், சாக்லேட் எல்லாம் சேர்த்துத்தான். பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். புட்டிப்பால் குழந்தை என்றால், புரதத்தை முழுக்க உடைத்த சிறப்பு ஃபார்முலாவை மருத்துவர் எழுதிக் கொடுப்பார்.

இரண்டு முதல் நான்கு வாரம். அதற்குள் தெரியாவிட்டால் இது அது இல்லை, பழையபடி சாப்பிடுங்கள். இதைச் சொல்வதற்கு ஆள் இல்லாமல் எட்டு மாதம் பட்டினி மாதிரிக் கிடந்த ஒரு தாயைப் பார்த்தேன். பலன் தெரிந்தால் மருத்துவர் சொல்லும் நேரத்தில் மறுபடி பாலைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறிகுறி திரும்பி வந்தால்தான் ஒவ்வாமை உறுதி. முகம் வீங்கியது, தடிப்பு வந்தது, மூச்சு இழுத்தது என்ற வரலாறு இருந்தால் இந்த மறுசோதனை வீட்டில் கூடாது.

இங்கே வரும் தவறுகள்: லாக்டோஸ் இல்லாத பாலுக்கு மாறுவது (பிரச்சினை சர்க்கரையில் இல்லை, புரதத்தில்), ஆட்டுப்பாலுக்கு மாறுவது (புரதம் ஏறக்குறைய ஒன்றே), தாவரப் பானங்களைக் கொடுப்பது (கைக்குழந்தைக்கு அது உணவே இல்லை). வாரத்துக்கு ஒரு ஃபார்முலா மாற்றுவது இன்னொன்று. தாய் நீண்ட நாள் பால் விலக்கினால் சுண்ணாம்புச் சத்துக்கும் வைட்டமின் டி-க்கும் மாற்று வழி கேட்டுக்கொள்ள வேண்டும்.

10. மருந்து: யாருக்கு, எத்தனை நாள்

ஒமெப்ரசோல், லான்சோப்ரசோல் போன்றவை அமிலம் சுரப்பதைக் குறைக்கும். பால் மேலே வருவதை அவை தடுக்காது. இந்த ஒரு வரி புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மருந்து கொடுத்தும் கக்குகிறதே என்று அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மருந்து அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

அழுகைக்கு? 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் எதுக்களிப்பு நோய் என்று கருதப்பட்ட 162 கைக்குழந்தைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லான்சோப்ரசோலும் மறு பாதிக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். இரு பக்கமும் தேறியவர்கள் 54 சதவீதம். கடுமையான பக்கவிளைவுகள், குறிப்பாக நுரையீரல் தொற்று, மருந்து வாங்கிய பக்கத்தில் அதிகம். அமிலம் கிருமிகளுக்கு எதிரான ஒரு வேலி. அதைத் தாழ்த்தினால் வயிற்றுத் தொற்றும் நெஞ்சுத் தொற்றும் எளிதாகும்.

என் மூத்தவனுக்கு மருந்து தொடங்கிய மூன்றாவது வாரத்தில் அழுகை குறைந்தது. மருந்துக்கு நன்றி சொன்னேன். அப்போது அவனுக்குப் பதினான்கு வாரம். எல்லாக் குழந்தைக்கும் குறையும் வயது. அந்த 54 சதவீதத்தைப் படித்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்படியானால் யாருக்கு? கக்கலோடு சேர்த்துப் பால் மறுப்பு, எடை தேக்கம், ரத்தம், உணவுக்குழாய் புண்பட்டது என்ற சான்று உள்ளவர்களுக்கு. முந்தைய படிகளையெல்லாம் முடித்த பிறகு, நான்கு முதல் எட்டு வாரச் சோதனையாக. தொடங்கும் அன்றே நிறுத்தும் தேதியை மருத்துவரிடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள். யாரும் நிறுத்தச் சொல்லாததால் ஒரு வயது வரை ஓடிக்கொண்டிருக்கும் மருந்துகள் உண்டு.

கொடுக்கும்போது மூன்று கவனம். பால் கொடுப்பதற்கு அரை மணி முன்பு கொடுங்கள், அப்போதுதான் வேலை செய்யும். குருணைகளாக இருந்தால் நசுக்காதீர்கள். பூச்சு உடைந்தால் இரைப்பை அமிலத்திலேயே மருந்து அழிந்துவிடும். திரவ மருந்தில் மில்லிகிராமும் மில்லிலிட்டரும் ஒன்றல்ல. வேறு பாட்டில் வாங்கினால் செறிவு மாறியிருக்கலாம், ஒவ்வொரு முறையும் சிரிஞ்சில் எந்தக் கோடு என்று மருந்தாளுநரிடம் காட்டச் சொல்லுங்கள். குழந்தையின் எடை ஏறும்போது அளவும் மாறும், அதை நீங்கள் கணக்குப் போட வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரானிடிடின் என்னும் அமிலக் குறைப்பு மருந்து பழைய சீட்டுகளில் இன்னும் இருக்கும். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு காரணமாக 2020-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து முழுக்கத் திரும்பப் பெறச் சொன்னார்கள். இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்கும் மருந்துகளில் மெட்டோகுளோப்ரமைடு கட்டுப்பாடற்ற தசை அசைவுகளைக் கொண்டுவரலாம், டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கலாம். இரண்டையும் வழக்கமாகக் கொடுப்பதில்லை. அலுமினியம் உள்ள அமிலமுறிப்பிகள் கைக்குழந்தைக்கு வேண்டாம். கிரைப் வாட்டர் எதுக்களிப்பைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

11. மருத்துவரிடம் போகும்போது

நோட்டைக் கொண்டுபோங்கள். கூடவே, கக்கும்போதும் நெளியும்போதும் எடுத்த ஒரு நிமிட வீடியோ. அறைக்குள் போனதும் குழந்தை சமத்தாகத் தூங்கிவிடும், இது நடந்தே தீரும். தலையை ஒருபக்கம் திருப்பி உடலை முறுக்கும் அசைவு எதுக்களிப்பாலும் வரலாம், வலிப்பாகவும் இருக்கலாம். வீடியோவைப் பார்த்தால் மருத்துவருக்கு எளிது.

சோதனை எழுதவில்லை என்று வருத்தப்படாதீர்கள். பெரும்பாலும் கேட்டும் பார்த்துமே முடிவு செய்துவிடலாம். பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே, குடலின் அமைப்பில் கோளாறு இருக்கிறதா என்று சொல்லும். எதுக்களிப்பு நோயா என்று சொல்லாது. மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி 24 மணி நேரம் அமிலத்தை அளக்கும் சோதனை, மேற்படிகள் எதற்கும் மசியாத குழந்தைக்கு.

12. ஒவ்வொன்றாக விலக்குங்கள்

நான்கு வாரம் அமைதியாகப் போனால், கடைசியாகச் சேர்த்ததை முதலில் எடுங்கள். மருந்து, பிறகு சிறப்பு ஃபார்முலா அல்லது பால் விலக்கு (இதை மருத்துவர் சொல்லும் நேரத்தில்), பிறகு கெட்டியாக்கி. மருந்தை எப்படிக் குறைப்பது என்று மருத்துவர் சொல்வார். நிறுத்திய சில நாட்களுக்கு அமிலம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கலாம், அதைப் பார்த்து "மருந்து தேவைப்படுகிறது" என்று உடனே திரும்பத் தொடங்கிவிடாதீர்கள். ஒரு விலக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு வாரம் விடுங்கள், நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

ஒரு வயது தாண்டியும் கக்கல் தொடர்ந்தால் மறுபடி முதல் படிக்கு வந்து, அந்தப் பட்டியலோடு மருத்துவரிடம் போங்கள்.